நந்தி தெரியுதுங்களா?

'யாருக்குமே தெரியாத இடம்' என்று ரகசியமாகக் கேள்விப்பட்டு பண்ணவாடிப் பரிசல்துறைக்குப் போனால், நமக்கு முன்பே கேமராக்காரர்கள் வரிசைகட்டி நிற்கிறார்கள். 1934-இல் மேட்டூர் அணை எழுந்ததும் நீருக்குள் போன ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும், 120 அடி வரை நிறையும் நீர்மட்டம் வெகுவாக இறங்கினால்தான் தலைகாட்டும். பிறகு வெடித்த சேறு, கரையில் கவிழ்த்த பரிசல், முன்னால் நந்தி: படம் தயார். ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பார்களா என்று டெல்டா விவசாயி அணை மட்டத்தைப் பார்க்கிறார். இன்னும் பத்தடி இறங்காதா என்று இந்தக் கேமராக்காரர்களும் அதையேதான் பார்க்கிறார்கள். அணைக்குத் தண்ணீர் தரும் குடகில் நல்ல மழை என்று செய்தி வந்தது. பக்கத்திலிருந்தவர் முகம் தொங்கிப்போயிற்று: "இந்த வருச சீசன் போச்சுங்க!"