பத்துப் பொருத்தமும் பார்க்க வேண்டும்

கேள்வி: கீகிளோக் என்ற அடையாளச் சர்வரில் எஸ்ஏஎம்எல் செயலியைப் பதிவு செய்த பிறகும் ஒற்றை உள்நுழைவு மறுக்கப்படுவது ஏன்?

பதில்: பெரும்பாலும் பெயர்ப் பொருத்தம் இல்லாததால்தான். 2005 மார்ச்சில் ஓயாசிஸ் அமைப்பு ஏற்ற எஸ்ஏஎம்எல் 2.0 தரப்படி, செயலி தன் கோரிக்கையில் ‘இஷ்யூவர்’ என்று ஒரு பெயரை எழுதி அனுப்பும். கீகிளோக்கில் உள்ள ‘கிளையன்ட் ஐடி’ அதனுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் ஜாதகம் சேராது. கீகிளோக்கின் பதில் போய்ச் சேரும் இடமாகச் செயலியின் முகப்புப் பக்கத்தை அல்ல, அந்தப் பதிலை வாங்கும் ஏசிஎஸ் முகவரியைத் தர வேண்டும். பதிலில் உள்ள கையொப்பத்தைச் சரிபார்க்கக் கீகிளோக்கின் சான்றிதழ் செயலியிடம் இருக்க வேண்டும். ஆனால் கையொப்பமிடும் தனிச்சாவி ஒருபோதும் கீகிளோக்கை விட்டு வெளியே போகக் கூடாது. இத்தனையும் சரியென்றால், மிச்சம் கடிகாரம்தான். பதிலுக்குள் வரும் எஸ்ஏஎம்எல் சான்றுக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. இரு சர்வர்களின் நேரம் சில நிமிடம் விலகினாலே சான்று செல்லாமல் போய்விடலாம். நேரத்தை ஒத்திசைக்கும் நெறிமுறையான என்டிபி வழியே இரண்டையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவருவது கட்டாயம்.