நீளும் விரல்: செயலிச் சோதனையில் சுட்டுவிரலின் பங்கு குறித்து ஓர் ஆய்வு

கைப்பேசிச் செயலி ஒன்றை வடிவமைக்கக் கற்கும் மாணவர், அதை முதன்முறையாக இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரும்போது அவர் உடம்பில் என்ன நடக்கிறது என்பது இன்னும் உரிய கவனம் பெறாத ஆய்வுப்புலம். பயனரைப் பற்றி அறிஞர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் மனிதர்கள் முட்டிக்கொள்ளும் கதவையும், எந்தக் குமிழ் எந்த அடுப்புக்கு என்று விளங்காத அடுப்பையும் விசாரித்து டொனால்ட் நார்மன் 1988இல் ஒரு நூல் கண்டார். யாகோப் நீல்சன் 1994இல் நல்ல இடைமுகத்துக்குரிய நெறிகளைப் பத்தாகத் தொகுத்தார். பயனரின் கண்மணி திரையின் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று சொல்லக் கருவியும் வந்துவிட்டது. ஆனால் அதே நேரத்தில், அருகே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கும் மாணவரின் வலக்கைச் சுட்டுவிரல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று யாரும் அளந்தபாடில்லை. இக்கட்டுரையின் துணிபு இது: ஒரு செயலி எளிதா அல்லவா என்பதைப் பயன்படுத்துபவரின் முகத்திலோ அவர் நிரப்பித் தரும் படிவத்திலோ தேட வேண்டியதில்லை. செய்தவரின் சுட்டுவிரல் மடியை விட்டு எத்தனை முறை எழுந்தது, திரைக்கு எவ்வளவு அருகில் போனது என்று குறித்தாலே போதும். மற்ற அளவைகள் பொய் சொல்லும். விரல் சொல்லாது, ஏனெனில் தான் நீளுகிறோம் என்பதே அதற்குத் தெரியாது.

ஆய்வுக்களமாகத் தண்ணீர் கேன் செயலியை எடுத்துக்கொள்வோம். நம் நகரங்களில் 20 லிட்டர் கேனை வரவழைக்க இப்போதுள்ள முறை, கடைக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, ஒரு கேன்" என்று சொல்வது. யார், எந்த வீடு, எத்தனையாவது மாடி, போன வாரத்துப் பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அண்ணாச்சிக்கு அந்தக் குரலிலேயே தெரியும். இதை வெல்லும் செயலி அமைவது அரிது. இதை முன்கூட்டியே உணர்ந்துவிட்டால் புராஜெக்ட் ஏது? எனவே மாணவர் உணர்வதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இடைமுக வடிவமைப்பு ஒரு விருப்பப் பாடமாகவே இருக்கிறது. மாணவர் முறைப்படி பெர்சோனா எழுதுகிறார், காகிதத்தில் ஒயர்ஃப்ரேம் போடுகிறார், ஃபிக்மாவில் புரோட்டோடைப் செய்கிறார். முதல் சோதனை விடுதி அறையிலேயே நடக்கிறது. அதே வகுப்பு, அதே லேப், அதே மாதிரிப் போன் வைத்திருக்கும் ஐவர், தலையணையில் சாய்ந்தபடி, "செம மச்சி" என்று தீர்ப்பளிக்கிறார்கள். இத்தீர்ப்பை நாம் தரவாகக் கொள்ளவில்லை. அன்று மாலை டீக்குக் காசு கொடுத்தது யார் என்ற விவரம் அதனுடன் சேர்த்துத் தரப்படுவதில்லை.

இரண்டாம் சோதனையில்தான் விரல் விழிக்கிறது. பயனர், மாணவரின் சித்தி. பணி, ஒரு கேன் வரவழைப்பது. திரையின் மூலையில் மூன்று கோடுகள் இருக்கின்றன. 1981இல் வெளிவந்த செராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்த குறி அது. உள்ளே பட்டியல் இருக்கிறது என்று பொருள். சித்திக்கு அது கண்ணாடியில் விழுந்த கீறல். செயலியைத் தமிழுக்கு மாற்றும் வசதி அந்தக் கோடுகளுக்குள், 'செட்டிங்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடியில், 'லேங்குவேஜ்' என்ற இன்னோர் ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆங்கிலம் படித்தவர் மட்டுமே தமிழை அடைய முடியும் என்பது அதன் ஏற்பாடு. இந்த இடத்தில் மாணவரின் விரல் முழங்காலை விட்டு எழுகிறது. அடுத்து முகவரி. வீட்டு எண், தெரு, பின்கோடு மூன்றும் கட்டாயம். "மாரியம்மன் கோயில் சந்து, பச்சை கேட், மாடி" என்று எழுத இடமில்லை. கேனைத் தோளில் தூக்கி வருபவருக்கு வேண்டியதோ அதுதான், அதிலும் குறிப்பாக அந்தக் கடைசிச் சொல். விரல் இப்போது அந்தரத்தில். காலி கேன் திருப்பித் தருகிறீர்களா, புதுக் கேனுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டுமா என்ற கேள்வியே செயலியில் கிடையாது. சித்தி அதைத் தேடி மேலும் கீழும் தள்ளுகிறார். "அதெல்லாம் வேணாம் சித்தி, இதோ, இத அமுக்குங்க" என்ற குரலோடு விரல் திரையைத் தொட்டுவிடுகிறது. ஆர்டர் போய்விட்டது. பணியைப் பயனர் வெற்றிகரமாக முடித்தார் என்று அறிக்கையில் பதிவாகிறது. முடித்தது யாருடைய விரல் என்பதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை. பொத்தான் 48 டிபி அளவில் இருக்க வேண்டும் என்ற கூகுளின் பரிந்துரையை மாணவர் தவறாமல் பின்பற்றியிருக்கிறார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். பொத்தான் பெரிதாக, அருகில் இருந்தால் விரல் அதை விரைவாக எட்டும் என்று பால் ஃபிட்ஸ் 1954இல் காட்டியது உண்மைதான். ஆனால் எட்டுவதற்கு முன் அது பொத்தான் என்று தெரிய வேண்டும். இடம் தெரிந்த விரலுக்கும் தெரியாத விரலுக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயத்தில் மாணவர் தோற்க வாய்ப்பே இல்லை.

இனிக் கணக்கு. நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993இல் ஒரு வாய்பாடு தந்தார்கள். ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளைக் காட்டிக்கொடுப்பார் என்று கொண்டால், காட்டிக்கொடுக்காமல் விடும் பங்கு 0.69. ஐந்து பேரும் சேர்ந்து விட்டுவிடும் பங்கு 0.69ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது. அதை ஒன்றிலிருந்து கழித்தால் வெளிப்பட்ட குறைகள் ஏறக்குறைய 84 விழுக்காடு. ஐந்து பேர் போதும் என்று உலகெங்கும் வகுப்பறைகளில் சொல்லப்படுவதன் வேர் இதுவே. போதுமா போதாதா என்று பின்வந்தோரிடையே பெரும் சண்டை உண்டு. அதில் நாம் தலையிடவில்லை. நம் கவலை அந்த 31 பற்றியது. பயனரைத் தடுமாற விட்டால் கிடைக்கும் எண் அது. தடுமாற்றம் பிறக்கும் முன்பே விரல் நீண்டு அதை மூடிவிட்டால், அப்பயனர் காட்டிக்கொடுக்கும் பங்கு சுழியம், விட்டுவிடும் பங்கு ஒன்று. ஒன்றை ஒன்றால் ஐந்து முறை பெருக்கினாலும் ஒன்று, ஐம்பது முறை பெருக்கினாலும் ஒன்று. சித்திரைத் திருவிழாக் கூட்டம் முழுவதையும் வரிசையில் நிற்க வைத்துச் சோதித்தாலும், விரல் நீளும் வரை, அச்செயலி குறையற்றது என்றே முடிவு வரும். பல புராஜெக்ட் அறிக்கைகளில் காணப்படும் "அனைவரும் எளிதாகப் பயன்படுத்தினர்" என்ற வாக்கியம் பொய் அன்று. கணித நோக்கில் அது முற்றிலும் சரி.

படிவத்தை நம்பலாமே என்பார் உண்டு. ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்து வாக்கியப் படிவம் இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. ஒற்றைப்படை வாக்கியங்கள் செயலியைப் புகழும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறை கூறும். கூட்டிப் பார்த்து 2.5ஆல் பெருக்கினால் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் வரும். 68 என்பது சராசரி. இதன் நான்காம் வாக்கியம்தான் நமக்கு முக்கியம். இதைப் பயன்படுத்தத் தொழில்நுட்பம் தெரிந்தவரின் துணை வேண்டியிருக்கும் என்று நினைக்கிறீர்களா என்பது அதன் கருத்து. அந்தத் தொழில்நுட்பம் தெரிந்தவர் ஒரு முழ தூரத்தில், விரலை அப்போதுதான் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆம் என்றால் அக்கா மகன் மனம் நோகும், இல்லை என்றால் மனசாட்சி கேட்காது. சித்தி நடுவில் ஒரு டிக் போட்டுவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போடா" என்கிறார். ஐபிஎம் நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் 1982இல் முன்வைத்த முறை இதைவிட மேல். பயனர் தன் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செயலியை இயக்க வேண்டும், சோதிப்பவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நம் களத்தில் இம்முறை தலைகீழாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பயனர் மரியாதையாக மௌனம் காக்கிறார், மாணவர் தம் மனத்தில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்கிறார்.

விரலைக் கட்டிப்போட்டால் தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்பவர் வளர்த்த ஹான்ஸ் என்னும் குதிரை, கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லிற்று. 1904இல் ஒரு குழு கூடி ஆராய்ந்து, இதில் மோசடி இல்லை என்று சான்றளித்தது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் நுணுகிப் பார்த்து 1907இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவர் முகம் தெரியாதபோதும் குதிரை தோற்றது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தம்மையறியாமல் அணுவளவு அசையும், குதிரை அதைக் கண்டு நிறுத்திவிடும். இந்த இரகசியத்தைத் தெரிந்துகொண்ட பின்னும் ஃபுங்ஸ்டால் தம் அசைவை முழுவதும் அடக்க முடியவில்லை. சித்தியைக் குதிரையோடு ஒப்பிடுவதாக யாரும் கொள்ளலாகாது. குதிரையை விடச் சித்தி கூர்மையானவர் என்பதே நம் வாதத்தின் உயிர். மாணவரின் புருவம் ஏறுவதையும், தொண்டை கனைப்பதையும், மோவாய் வலப்பக்கம் திரும்புவதையும் படித்துச் சரியான பொத்தானைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நொடி போதும். ஆகவே, ஒருவர் செய்த செயலியை இன்னொரு அணியின் மாணவர் சோதிப்பதே முறை. அவருக்கும் கோடுகளின் பொருள் தெரியுமே என்பார்க்கு விடை: தெரியும், ஆனால் பிறர் செயலி தடுமாறும்போது அவர் புருவம் பதைத்து ஏறுவதில்லை. சில சமயம் இலேசாக மகிழ்ச்சியும் தெரியும். அறிவியலுக்கு அது இடையூறில்லை.

அறத்தின் பேரால் எழும் தடையே வலியது. தடுமாறும் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் இருந்தபடி பார்த்துக்கொண்டு வாளாவிருப்பது எந்த ஊர்ப் பண்பாடு? கேள்வி நியாயமானது. "சோதிப்பது இந்த ஆப்பைத்தான், உங்களை இல்லை" என்று தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்றும், மிகவும் வருந்தினால் சோதனையை அங்கேயே நிறுத்தித் தோல்வி செயலியுடையது என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்றும் இத்துறையில் ஏற்கெனவே விதி உண்டு. பயனர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பது மேலை நாட்டார் கையாளும் உத்தி. நம் வீடுகளில் இது, "எனக்குத் தெரிஞ்சா உன்ன எதுக்குடா கேக்குறேன்" என்ற பதிலை வரவழைக்கும். அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொள்வது நல்லது, படிவத்தில் வரும் எந்த மதிப்பெண்ணை விடவும் அது துல்லியமானது. மற்றபடி, அந்த விரல் அன்பால் நீளுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. பிளே ஸ்டோரில் ஏற்றும் கோப்புக்குள் அதை வைத்து அனுப்ப வழியில்லை என்பதே சிக்கல். செயலியை இறக்கிக்கொள்ளும் மற்ற சித்திகள் அனைவரும் அந்த அன்பில்லாமல்தான் மூன்று கோடுகளின் முன் நிற்பார்கள்.

வழி உண்டு என்பார் இன்னொரு சாரார். முதன்முறை திறக்கும்போது திரை இருண்டு, ஒரு பொம்மைக் கை தோன்றி, "இங்கே தொடவும்" என்று காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறதல்லவா? இது தடையன்று, நம் கொள்கைக்கு வலுவான சான்று. சோதனையில் எங்கெல்லாம் மாணவரின் விரல் எழுந்ததோ அங்கெல்லாம் அது பொம்மைக் கையாகப் படிந்திருக்கிறது. செயலியில் எத்தனை பொம்மைக் கைகள் என்று எண்ணினால், ஒரு காலத்தில் அந்த மாணவர் எத்தனை முறை பதறினார் என்று பின்னோக்கிக் கணிக்கலாம். பொம்மைக் கைக்குப் பயன் இருக்கிறதா என்றால், அதன் அருகிலேயே 'ஸ்கிப்' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். செயலி முழுவதிலும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத பொத்தான் அது ஒன்றுதான்.

இக்கொள்கைக்கு முன்மாதிரி நம் கோயில் கருவறையின் வெளிச்சுவரிலேயே இருக்கிறது. தென்முகமாகக் கல்லால மரத்தடியில் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தி, சனகர் முதலிய நால்வர்க்கு வாய் திறவாமல் உபதேசிக்கிறார். வலக்கையில் சின்முத்திரை, அதாவது சுட்டுவிரல் வளைந்து கட்டைவிரலோடு சேர்ந்திருக்கிறது. சுட்டுவிரல் உயிர், கட்டைவிரல் இறை, விலகி நிற்கும் மூன்றும் மலங்கள் என்பது சைவர் விளக்கம். அதனோடு நமக்கு முரணில்லை. அந்த நிலையில் சுட்டுவிரல் யாருடைய திரையையும் நோக்கி நீள முடியாது என்பதை மட்டும் கூடுதலாகக் கவனப்படுத்துகிறோம். நால்வர் என்ற எண்ணிக்கையை மேற்படி வாய்பாட்டில் இட்டால் 77 விழுக்காடு வருகிறது. ஐந்தாமவரை ஏன் சேர்க்கவில்லை என்பதைச் சிற்ப சாத்திரம் அறிந்தோர்தாம் சொல்ல வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். இன்றைய வைவாவில் மாணவர் தம் செயலியைத் தாமே இயக்கிக் காட்டுகிறார். அதாவது, தேர்வு முழுவதும் அந்த விரலின் தனி நடனம். இதற்கு மாற்றாக, போனை லேப் உதவியாளர் கையில் கொடுத்துவிட்டு, வலக்கையில் பேனாவும் இடக்கையில் நோட்டும் பிடித்தபடி மாணவரை ஓரமாக நிற்கச் செய்யலாம். எழுதும் கை நீளாது. மதிப்பெண் குறையும், தேர்ச்சி விழுக்காடு சரியும், கல்லூரி நிர்வாகம் ஒப்பாது என்ற தடை உடனே வரும். மதிப்பெண் குறையாது, ஏனெனில் அது செயலி ஓடியதற்கு அன்று. உதவியாளர் தடுமாறிய இடங்களுள் மாணவர் சரியாகக் குறித்துக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், விரல் எழுந்தால் இரண்டு குறைவு. மோசமான செயலி செய்தவர் நூற்றுக்கு நூறு வாங்கவும் இதில் இடமுண்டு. புருவத்தால் காட்டிக்கொடுப்போரை என்ன செய்வது என்பதில் மட்டும் நம்மிடம் தெளிவான ஏற்பாடு இல்லை. கறுப்புக் கண்ணாடி அணிவிக்கலாம். ஆனால் கறுப்புக் கண்ணாடியும் நோட்டுமாக ஒருவர் பேசாமல் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தால், லேப் உதவியாளர் போனைத் தொடவே தயங்குவார்.