மேனேஜர் குரலைக் காணவில்லை

என் லேப்டாப் எப்போதும் ஹெட்போன் மாட்டியிருப்பதாக நம்புகிறது. ஓட்டை காலிதான். ஆனாலும் திரையின் மூலையில் ஹெட்போன் படம் நிற்கும். ஸ்பீக்கர் வாயைத் திறக்காது. யாரோ தனியாகப் பாட்டுக் கேட்கிறார்களாம், தொந்தரவு செய்யக்கூடாதாம்.

இந்த நம்பிக்கையை அதற்கு ஊட்டியவர் பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைத் தம்பி. கொண்டுபோனபோது குறை சின்னது. இடது காதில் மட்டும் கேட்கும். "லூஸ் கனெக்‌ஷன் சார், ஒரு டச் வெச்சா போதும்" என்றார். வைத்தார், புகை வரும்வரை. பிறகு தன் ஹெட்போனைச் செருகி, பின்னை விரலால் அழுத்திப் பிடித்தபடி, "சூப்பரா கேக்குது பாருங்க" என்றார். உண்மையிலேயே இரண்டு காதிலும் கேட்டது. காசு வாங்கிய பிறகுதான் விரலை எடுத்தார். "கொஞ்ச நாள் அழுத்திப் பிடிச்சு யூஸ் பண்ணுங்க, போகப் போக செட்டாயிடும்" என்று அனுப்பிவைத்தார், புதுச் செருப்புக்குச் சொல்வதுபோல.

2016-இல் ஆப்பிள் கம்பெனி ஐபோன் 7-இலிருந்து ஹெட்போன் ஜாக்கைத் தூக்கியபோது, அதற்குக் காரணம் 'தைரியம்' என்று அந்தக் கம்பெனி அதிகாரி ஃபில் ஷில்லர் மேடையேறிச் சொன்னார். உலகமே சிரித்தது. எங்கள் தம்பியின் தைரியத்தை அவர் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டு அம்மா காதில் மாட்டினேன். வயலின்கள் வந்தன. பல்லவி வர வேண்டிய இடம் வந்தது, பல்லவி வரவில்லை. "பாடறவரு எங்கேடா போனாரு?" என்றார் அம்மா. வாங்கிக் கேட்டால், எஸ்.பி.பி. எங்கோ தூரத்தில் எதிரொலியாக மட்டும் இருக்கிறார்.

இதில் பேயும் இல்லை, பில்லி சூனியமும் இல்லை. 3.5 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் இடது காதுக்கு ஒரு முனை, வலது காதுக்கு ஒரு முனை, இரண்டுக்கும் பொதுவாக கிரவுண்ட் ஒன்று. கிரவுண்ட் விட்டுப்போனால் இடமும் வலமும் ஒன்றோடொன்று மோதி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே மிஞ்சும். பாடகர் குரலை நடுவில் நிற்கும்படி இரண்டு பக்கமும் சமமாகத்தான் பதிவு செய்வார்கள். சமமானது அடிபட்டுப்போகும், பக்கவாத்தியம் பிழைத்துக்கொள்ளும். தம்பி கிரவுண்டை டிரை சோல்டராக, அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காமல், விட்டிருந்தார். அதோடு, பின் செருகியதைக் கண்டுபிடிக்க உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டையும் நகர்ந்த நிலையிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிட்டார். லேப்டாப்பின் பொய் நம்பிக்கைக்கு அதுதான் காரணம்.

திங்கட்கிழமை மீட்டிங்கில்தான் இதன் முழு அருமை தெரிந்தது. மீட்டிங் குரல் இரண்டு காதுக்கும் ஒன்றேதான். ஆகவே முழுசாக அடிபடும். மேனேஜர் கையை ஆட்டுகிறார், புருவத்தை உயர்த்துகிறார், சத்தமே இல்லை. மனிதர் இவ்வளவு சாந்தமானவரா என்று தோன்றியது. பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்படித் தலையாட்டியதில் எதற்கோ ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பது மின்னஞ்சல் வந்த பிறகு தெரிந்தது.

தம்பியிடம் திரும்பப் போனால், "வரும்போதே போர்டு வீக்கா இருந்துச்சு சார்" என்றார். சென்னை ரிச்சி தெருவில் ஒரு பெரியவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "டிராக்கே பேந்து வந்துடுச்சு தம்பி. இதுல இனிமே யாரையும் கை வைக்க விடாதீங்க" என்றார். பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை. யு.எஸ்.பி.-யில் செருகும் கட்டைவிரல் அளவு சவுண்ட் கார்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சில நூறு ரூபாய். தனக்கென்று சொந்தமாக ஒரு ஜாக் வைத்திருக்கிறது; பழைய ஜாக் என்ன நம்பினாலும் அதற்குக் கவலையில்லை.

ஆகவே உங்கள் லேப்டாப்பிலும் ஒரு காது போனால், கடைக்குக் கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: ஜாக் தனிச் சின்ன போர்டில் இருக்கிறதா? பல மாடல்களில் இருக்கும். அந்தப் போர்டையே மாற்றிவிடலாம், சூடு காட்டவே வேண்டாம். இல்லையென்றால் சவுண்ட் கார்டு போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: அதில் மேனேஜர் இரண்டு காதிலும் மிகத் தெளிவாகக் கேட்பார். யோசித்து வாங்குங்கள்.