தூள் எங்களுக்கு, ஹிட் அவர்களுக்கு

கோலார் தங்கவயலுக்கு இப்போது உலகப் புகழ். ஊரிகம் ஸ்டேஷனில் விடியற்காலை பெங்களூர் ரயிலுக்கு முண்டியடிக்கும் கூட்டத்துக்கு அதைக் கொண்டாட நேரமில்லை, வேலைக்குப் போகிற அவசரம். ஆனாலும் யாரோ ஒருவன் செல்போனில் 'கேஜிஎஃப்' படத்து நாயகன் ராக்கி பாய்க்கு சலாம் போடும் பாட்டு அலறிக்கொண்டிருக்கும். தன் ஊர்ப் பெயரை வைத்து விற்ற சரக்கை ஊர்க்காரனே டேட்டா செலவழித்துக் கேட்கிறான். வியாபாரம் என்றால் இதுவல்லவா!

2018 கடைசியில் வந்த 'கேஜிஎஃப்' முதல் பாகத்தின்படி இங்கே தங்கம் கிடைத்தது 1951-ல். நாயகன் பிறந்ததும் அப்போதுதான். அப்படியானால் 1880-ல் வந்திறங்கிய ஜான் டெய்லர் கம்பெனி எதைத் தோண்டியது, வேர்க்கடலையையா? 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரத்தை இழுத்தது தெருவிளக்கு எரிக்கவா? வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து வந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, நெஞ்சுக்குள் கல்தூளோடு செத்தவர்கள் கதாசிரியர் கண்ணில் படவே இல்லை. படத்து அடிமைகள் வாயில்லாப் பூச்சிகள். அவர்களை மீட்க பம்பாயிலிருந்து ஒருவன் வரவேண்டியிருக்கிறது. இங்கிருந்த நிஜ மனிதர்களோ 1926-ல் அப்பாதுரையார் 'தமிழன்' பத்திரிகையை மறுபடி கொண்டுவந்தபோது அதைப் படித்தார்கள். 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து மொத்தமாக வேலையை நிறுத்தினார்கள். 1946-ல் போலீஸ் குண்டுக்கு மார்பு கொடுத்தார்கள். எந்தப் பாயும் வரவில்லை.

சரி, கதைதான் கற்பனை, பாட்டாவது இந்த மண்ணில் தோண்டியதா? கன்னடத்தில் பட்டையைக் கிளப்பிய ஆட்டப் பாட்டு, 1970-ல் வந்த 'பரோபகாரி' படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடியதன் மறுபதிப்பு. இந்திக்காரர்களுக்கு அது போதாது என்று, 1989-ன் 'திரிதேவ்' படத்துப் பாட்டைத் தூசு தட்டிச் சேர்த்தார்கள். (ஈஸ்வரியின் குரல் எங்களுக்குப் புதிதல்ல, ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் அவர்தானே இருக்கிறார்.) நூற்றிருபது வருஷம் உழைத்துச் செத்த ஜனங்களின் பறையடியும் ஒப்பாரியும் தொழிலாளர் லைன் வீடுகளில் கொட்டிக்கிடந்தன. ஒருவரும் வந்து கேட்கவில்லை. எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு ஒன்றுதான். அதன்மேல் செட் போட்டார்கள். காற்றடித்தால் அந்த மேட்டுத் தூள் எங்கள் பிள்ளைகளின் மூச்சில் ஏறும். கேமராவில் மட்டும் அது அழகாக விழுந்தது.

இரண்டாம் பாகம் 2022 ஏப்ரலில் வந்து ஆயிரம் கோடிக்கு மேல் வாரியது. இந்திப் பாட்டுகளின் உரிமையை வாங்கிய எம்ஆர்டி மியூசிக் நிறுவனம், ராகுல் காந்தியின் நடைபயண வீடியோவில் தன் பாட்டு வந்துவிட்டதென்று அந்த நவம்பரில் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் ஓடியது. நவம்பர் 7-ல் பெங்களூர் கோர்ட் காங்கிரசின் ட்விட்டர் கணக்கையே முடக்கச் சொன்னது. மறுநாளே உயர் நீதிமன்றம், அந்த வீடியோக்களை எடுத்துவிடவேண்டும் என்ற நிபந்தனையோடு அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒரு பாட்டுத் துண்டுக்காக இரண்டே நாளில் இரண்டு நீதிமன்றங்கள் எழுந்து நின்றன. கண் குளிர்ந்தது!

எங்கள் வழக்கோ வேறு கதை. இங்கே சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சுரங்கத்தைத் தொழிலாளர்களிடமே கொடுப்பதா, வெளியாளுக்கு ஏலம் விடுவதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிய 2013 ஆனது. அதுவும் டெண்டர் விடு என்றுதான் முடிந்தது. அதற்குள் எத்தனை பேர் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்கள்! இந்த ஊர் கொடுத்த தங்கம் சுமார் 800 டன். அதில் காப்புரிமை கேட்கத் தோண்டியவர்களுக்குத் தெரியவில்லை, பாவம்.

பாட்டுக் கம்பெனி முதலாளிகளே, அடுத்த பாகத்துக்குப் பழைய படத்து இசைத்தட்டைத் தேடி அலையாதீர்கள். மாரிக்குப்பம் ரயிலேறி வாருங்கள். ஒப்பாரி சொல்லத் தெரிந்த கிழவிகள் லைன் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். உட்கார்ந்து கேளுங்கள், பெயரைப் போடுங்கள், பணத்தை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் மைக்கை நீட்டுங்கள்.