வீட்டுக் கணினியை விரைந்து நிறுத்தும் நெறிகள்: செவ்வாப்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவே இருப்பது செவ்வாப்பேட்டை ரோடு ரயில் நிலையம். லோக்கல் ட்ரெயினை நம்பிப் பிழைக்கும் ஊரில் விரைவுக்கு இலக்கணம் எளிது. ஷட் டவுன் கொடுத்தவர் செருப்பை மாட்டுவதற்குள் திரை கறுத்தால் அது விரைவு. "நான் கெளம்பறேன், நீ பாத்து ஆஃப் பண்ணிடு மா" என்று வாசலிலிருந்து குரல் கொடுக்க நேர்ந்தால் தாமதம். இத்தாமதத்துக்குக் காரணம் கணினியா, வீட்டாரா? வீட்டாரே என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

முன்னோர் நிலை

விண்டோஸ் 95 காலத்துக் கணினி மரியாதை தெரிந்தது. தன் வேலைகளை முடித்துக்கொண்டு, இனி ஆஃப் செய்யலாம் என்று கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் அறிவித்துவிட்டுக் காத்திருக்கும். கடைசிப் பொத்தானை மனிதர்தான் அழுத்துவார். 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அமைப்பு பரவியதும் அந்த உரிமையும் மென்பொருளுக்குப் போனது. அதன்பின் காத்திருப்பது மனிதர் முறையானது.

2006இல் மென்பொருள் எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி, விண்டோஸ் விஸ்டா போட்ட மடிக்கணினியை நிறுத்த மெனுவில் மட்டும் ஒன்பது வழி இருப்பதை எண்ணிக்காட்டி நொந்துகொண்டார். அந்த மெனுவில் வேலை பார்த்த மொய்ஷி லெட்வின், அதிலேயே தமக்கு ஓராண்டு போனதாக எழுதினார். அரை நிமிடம் பொறுக்காதவர்கள் இதை நினைவில் கொள்க.

வகைப்பாடு

அ) மௌஸ் நெறி: ஸ்டார்ட், பவர், ஷட் டவுன் என மூன்று கிளிக். பெரியோர் கைக்கொள்வது. அம்புக்குறி எங்கே என்று தேடும் நேரம் இதில் சேராது.

ஆ) விசை நெறி: விண்டோஸ் விசையோடு எக்ஸ், பிறகு யு, மறுபடியும் யு. டெஸ்க்டாப்பில் இருந்தால் ஆல்ட்டோடு எஃப்4, பிறகு என்ட்டர். இதைக் கற்றவர் பிறர் பார்க்கும்போது மட்டுமே செய்வார்.

இ) கட்டளை நெறி: ஷட்டவுன் கட்டளையைப் பூஜ்ய விநாடிக் கெடுவோடு ஒரு ஷார்ட்கட்டாக டெஸ்க்டாப்பில் வைப்பது. டபுள் கிளிக் போதும். அதற்கு 'கேம்' என்று பெயரிட்டுத் தங்கையிடம் கொடுப்பது அண்ணன்மார் வளர்த்த தனிக்கிளை, இவ்வாய்வுக்குப் புறம்பானது.

ஈ) பொத்தான் நெறி: பவர் பொத்தானை நான்கைந்து விநாடி விடாமல் அழுத்துவது. கணினி ஹேங் ஆனால் மட்டும் தகும். வட்டில் எழுதி முடியாத தகவல் போனது போனதுதான்.

உ) அம்மா நெறி: ஐப்பசியில் முதல் இடி இடித்ததும் சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்குவது. மேல்முறையீடு கிடையாது.

ஊ) மின்வெட்டு நெறி: அனைத்திலும் விரைவானது. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் போன காலத்தில் இந்நெறி உச்சம் கண்டது. யூபிஎஸ் வைத்த வீடுகளில் அது கத்தும். பேட்டரி போன வீடுகளில் அதுவும் இல்லை.

மூடி நெறி பிறந்த கதை

2011 செப்டம்பர் 15 அன்று பக்கத்துக் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதோடு ஷட் டவுன் பழக்கமே தளர்ந்தது. மூடியைச் சாத்தினால் வேலை முடிந்ததாகக் கருதும் தலைமுறை வந்தது. மூடி சாத்திய கணினி உறங்குமே தவிர நிற்காது. பைக்குள் சார்ஜ் கரைவது இதனால்தான்.

ஷட் டவுன் கொடுத்தவரும் ஏமாந்தவரே. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காகக் கணினி தன் உள்கருவை வட்டில் சேமித்துவிட்டே நிற்கிறது. புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும், அல்லது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுக்க வேண்டும்.

கள ஆய்வு

ஷட் டவுன் கொடுத்தாயிற்று. ஏதோ ஒரு செயலி தடுப்பதாகத் திரை சொல்கிறது.

"ஏங்க, எக்ஸெல் ஒண்ணு தொறந்து கெடக்கு. சேவ் பண்ணவா?"

"எந்த எக்ஸெல்?"

"சீட்டுக் கணக்கு மாதிரி இருக்கு."

"ஐயோ, பண்ணு பண்ணு!"

"என்ன பேர்ல?"

பெயர் சூட்டுவதில் கருத்து வேறுபாடு எழுகிறது. 'சீட்டு புதுசு' ஏற்கெனவே இருக்கிறது. 'சீட்டு புதுசு ஃபைனல்' என்பதும் இருக்கிறது. லோக்கல் போய்விடுகிறது.

முடிபு

ரெஜிஸ்ட்ரியில் காத்திருப்பு நேரத்தைக் குறைக்கும் கைவைத்தியம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10 தன் சேவைகள் அடங்கத் தரும் கெடுவே 5 விநாடிதான். அதை 2 ஆக்கினால் மிஞ்சுவது 3. பெயர் வைக்கும் விவாதத்தில் அது தூசு. ஆகவே கருதுகோள் மெய்யாகிறது. வேலை முடிந்த உடனே சேவ் செய்து மூடுவோருக்கு முதல் மூன்று நெறிகளில் எதுவும் விரைவே. அல்லாதோருக்கு ஆறாம் நெறி தவிர வேறு கதியில்லை.

மொபைலை நிறுத்தும் நெறிகளையும் ஆராய எண்ணினோம். ஆஃப் செய்த மொபைல் எந்த வீட்டிலும் கிடைக்காததால் அவ்வியல் கைவிடப்பட்டது.