சுருக்கலாம், தைக்கக் கூடாது

இன்று பெர்லினுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் எங்கள் க்ராய்ட்ஸ்பெர்க்கைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பக்கத்துக் கால்வாய்க்கரையில் செவ்வாயும் வெள்ளியும் கூடும் துருக்கிச் சந்தையில் ஆலிவ் காயை வாயில் போட்டுக்கொண்டு, "என்ன கலகலப்பான இடம்!" என்கிறார்கள். 1975-இல் இதே வட்டாரத்தில் வெளிநாட்டார் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டார்கள் என்று முடிவு செய்து, புதிதாகக் குடிவரத் தடை போட்டார்கள். கடவுச்சீட்டில் அதற்கென்றே ஒரு முத்திரை. வீடுகள் இடிக்கப்படவிருந்தன, அதனால் வாடகை குறைவு, கழிப்பறை மாடிப்படித் திருப்பத்தில். இன்று அவற்றையே "பழமை மாறாத கட்டடம்" என்று விளம்பரம் செய்து விற்கிறார்கள். பழமை மாறாமல் காத்தவர்கள் நாங்கள்தான், மாற்றக் காசில்லை.

நான் வந்தது 1969-இல். இஸ்மிரில் தையல் வகுப்பு முடித்து, மணப்பெண் கவுன் வரைக்கும் தனியாகவே வெட்டித் தைக்கக் கற்றிருந்தேன். இஸ்தான்புல் தோப்ஹானேயில் ஜெர்மன்காரர்களின் ஆள்சேர்ப்பு அலுவலகம். ரத்தம், சிறுநீர், நுரையீரல் எல்லாம் பார்த்துவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் பார்த்தார்கள். குதிரை வாங்க வருகிறவன்கூட முதலில் ஒரு பிடி புல்லை நீட்டுவான். மெல்லிய விரல், கூர்மையான கண். ரேடியோ தொழிற்சாலைக்குத் தேறிவிட்டேன். சிர்கெஜி நிலையத்தில் ரயிலேறி, மூன்றாம் நாள் மியூனிக்கின் 11-ஆம் நடைமேடையில் இறங்கி, அங்கிருந்து பெர்லின். ஓராண்டு ஒப்பந்தம். தையல் மெஷின் வாங்குமளவு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவது என் திட்டம். ஃபாஃப் மெஷின் வாங்கியும் விட்டேன். அதற்குள் கல்யாணம், பிள்ளைகள். மெஷினோடு கிளம்ப நேரம் வாய்க்கவில்லை.

அன்று நாங்கள் ஜெர்மன் பேசவேண்டுமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பேசினால் கை தாமதிக்கும். தொழிற்சாலையில் நான் கற்ற சொற்கள் பெரும்பாலும் "சீக்கிரம்" என்பதன் வகைகள். பெண்கள் செய்வது "லேசான வேலை" என்று பெயர் வைத்துக் கூலியையும் லேசாக்கியிருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அறிஞர்கள் தொலைக்காட்சியில் கூடி, "இவர்கள் ஏன் மொழி கற்கவில்லை?" என்று கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையை என் மகள்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

1983-இல் அன்பு இன்னும் பெருகியது. வேலையிழந்த எங்கள் ஆட்கள் குடும்பத்தோடு ஊர் திரும்பினால் 10,500 மார்க், பிள்ளை ஒன்றுக்கு மேலும் 1,500. அழைத்தபோது பயணச்சீட்டு, அனுப்பும்போது பரிசு. என் கணவர் கணக்குப் போட்டார், பிள்ளைகள் அழுதார்கள், தங்கிவிட்டோம்.

1989-இல் எங்கள் தெருக்கோடியிலிருந்த பெர்லின் சுவர் விழுந்தது. ஊரே ஆடிப்பாடியது. மேற்கு பெர்லின் தொழிற்சாலைகளுக்கு அரசு கொடுத்துவந்த சலுகைகளும் சில ஆண்டுகளில் நின்றன, தொழிற்சாலை மூடியது. கைத்தொழிலுக்கே திரும்பலாமென்றால் சட்டம் குறுக்கே நின்றது. புதிய உடை தைத்துக் கொடுக்கும் கடை வைக்க மைஸ்டர் என்ற கைவினைத் தேர்ச்சிப் பட்டம் வேண்டும், ஆல்ட்ரேஷனுக்கு வேண்டாம். அதாவது, மணப்பெண் கவுனை நான் தைத்தால் குற்றம். யாரோ தைத்த கவுனைப் பிரித்து, இடுப்பைப் பிடித்து, தோளை இறக்கி, மறுபடி சேர்த்தால் சேவை. ஜெர்மனியில் தெருவுக்குத் தெரு என்னுடையதைப் போலத் துருக்கிக்காரர்களின் ஆல்ட்ரேஷன் கடை முளைத்ததில் இந்தச் சட்டத்துக்கும் பங்குண்டு. 2004-இல் பட்டக் கட்டாயம் நீங்கியது. அதற்குள் ஆயத்த ஆடை அத்தனை மலிந்துவிட்டது. புதிதாகத் தைக்கச் சொல்ல ஆளில்லை.

அன்று கிழிசல் என்றால் வறுமை. தைத்தது தெரியாமல் தைப்பது திறமை. இன்று கடையிலேயே கிழித்து விற்ற ஜீன்ஸைக் கொண்டுவந்து, கிழிசல் பெரிதாகவும் கூடாது, மூடவும் கூடாது என்கிறார்கள். பழைய துணியைப் பழுதுபார்ப்பது பூமியைக் காக்கும் அறமாகிவிட்டது. அதற்குப் பயிலரங்கு நடத்தித் தரும்படி ஓர் இளம்பெண் வந்து கேட்டாள். முடிவில் சான்றிதழ் உண்டாம். எனக்கல்ல, கற்க வருகிறவர்களுக்கு.

2024 ஜூன் 27 முதல் புதிய குடியுரிமைச் சட்டம். துருக்கிக் குடியுரிமையைக் கைவிட வேண்டாம். 1974 ஜூன் மாதத்துக்குள் வந்த எங்கள் தலைமுறைக்கு எழுத்துத் தேர்வும் வேண்டாம். அன்றாடப் பேச்சு பேசினால் போதும். பல் முழுசாக இருந்தபோது "விருந்தாளித் தொழிலாளி". பல்செட் மாட்டியபின் குடிமகள். வாயைத் திறந்து பேசச் சொல்வதைக் கொஞ்சம் முன்னதாக வைத்திருந்தால் உச்சரிப்பாவது நன்றாயிருந்திருக்கும்.

அதே ஆண்டு, இந்தியத் தொழில் வல்லுநர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-இலிருந்து 90,000-ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. சென்னைக்காரர் ஒருவர், கணினி வேலை, குளிர்கோட்டின் கைநீளத்தைக் குறைக்கக் கொண்டுவந்தார். இங்கே எத்தனை நாள் என்று கேட்டேன். இரண்டே வருடம், கொஞ்சம் சேர்ந்ததும் ஊருக்குப் போய்விடுவேன் என்றார். எங்கள் கடையில் ஓர் அட்டை உண்டு; பத்து வேலை கொடுத்தால் பதினோராவது இலவசம். காலாவதித் தேதி கிடையாது. அவருக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தேன்.