அகவெந்நீரும் புறவெந்நீரும்: சீனம் சென்ற திருகோணமலையாரின் தொண்டை குறித்து ஓர் ஆய்வு

அயல்நாட்டார் சீனத்தில் வாழப் பழகுவது பற்றி இதுவரை எழுதியவர்கள் மனத்தை ஆராய்ந்தார்கள். சிலர் வயிறுவரை இறங்கினார்கள். வழியில் இருக்கும் தொண்டையை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இப்பெருங்குறையைப் போக்கும் பொருட்டு, திருகோணமலை உட்துறைமுக வீதியில் உள்ள ஒரு தேத்தண்ணிக் கடையின் இரண்டாவது வாங்கில் அமர்ந்து இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. முதலாவது வாங்குக்கு ஒரு கால் ஆடும். நிலையான முடிவுகளுக்கு அது உகந்ததன்று.

முன்னோடிகளைச் சொல்லாமல் தொடங்கினால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் அவர்களையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்கா போய்வந்த நோர்வே நாட்டவரை ஆராய்ந்த லிஸ்கார்ட் என்பவர் 1955இல், பிறநாட்டில் வாழ்வோர் முதலில் மகிழ்ந்து, பிறகு சோர்ந்து, பிறகு தேறுவர் என்றும் அது ஆங்கில ‘யூ’ எழுத்து வடிவில் இருக்கும் என்றும் கண்டார். ஓபெர்க் என்பவர் 1960இல் வெளியான கட்டுரையில் அந்தச் சோர்வைப் பண்பாட்டு அதிர்ச்சி என்று விளக்கினார். 1963இல் கல்லஹார்ன் இணையர், ஊர் திரும்பிய பிறகும் அதே இறக்கமும் ஏற்றமும் உண்டு, ஆகவே வடிவம் ‘டபிள்யூ’ என்றனர். இரண்டு யூ சேர்ந்தால் ஒரு டபிள்யூ என்று காண எட்டு ஆண்டு! எங்கள் துறைமுகப் பகுதியிலிருந்து சீனம் போன பிள்ளைகளின் அனுபவமோ சுழித்து, மடங்கி, உள்ளே போய் வெளியே வந்து, கடைசியில் ஒரு வாலோடு முடிகிறது. அதற்கு ‘ஞ’ தவிர வேறு எழுத்து பொருந்தாது. இம்முடிவைக் கடைக்காரரும் ஏற்றுக்கொண்டார் (கடைக்காரர், வாய்மொழி, கேத்திலை இறக்கும்போது).

இலங்கையிலிருந்து மருத்துவம் படிக்கச் சீனத்துக்குப் போகும் பிள்ளைகள் முதல் நாளே எதிர்கொள்ளும் பொருள் சுடுதண்ணி. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் கேட்காமலே அது வரும். ரயில் பெட்டியின் கோடியில் அதற்கென்று ஒரு குழாய். புகையிரத நிலையம், ஆஸ்பத்திரி, விமான நிலையம் எங்கும் குழாய். காய்ச்சல் என்றால் சுடுதண்ணி குடி என்பார்கள். வயிற்றுவலி, காதல் தோல்வி, பரீட்சையில் கோட்டை விட்டது எல்லாவற்றுக்கும் மருந்து அதுவே. காதலி சுகமில்லை என்று சொன்னால் ‘நிறையச் சுடுதண்ணி குடி’ என்று மட்டும் பதில் அனுப்பும் காதலனைச் சீனத்து இளைஞர்களே கேலி செய்கிறார்கள். குளிர்ந்தது வயிற்றுக்கு ஆகாது என்னும் பழைய வைத்திய நம்பிக்கையின் மேல், 1952இல் தொடங்கிய நாட்டுப்பற்றுச் சுகாதார இயக்கம், கொதித்தாறிய நீர் கொள்ளைநோயைத் தடுக்கும் என்று மூலைமுடுக்கெல்லாம் எழுதி ஒட்டியது. நோய் போயிற்று, சுடுதண்ணிப் போத்தல் நின்றது.

ஏனைய சிக்கல்களை விரைந்து முடிப்போம்.

குச்சியால் உண்ணுதல்: மூன்றாம் நாள் பழகிவிடும்.

குந்தியிருக்கும் கழிப்பறை: ஐரோப்பியரின் ஆய்வேடுகளில் நீண்ட இயலாக வருவது, நமக்கு ஒன்றுமில்லை.

சம்பளம், வயது, கல்யாணம் பற்றி முன்பின் தெரியாதவர் விசாரித்தல்: இதில் சீனர்தான் நம்மிடம் கற்க வேண்டும்.

சாப்பிட்டாயா என்று கேட்டு நலம் விசாரிக்கும் ஒற்றுமை: ஒவ்வொரு கருத்தரங்கிலும் மதிய இடைவேளைக்குச் சற்று முன்பு ஒருவர் இதைக் கண்டுபிடிக்கிறார்.

சீனன்குடா, சீனவெடி, சீனச்சட்டி, சீனி ஆகியவற்றை வரிசையாக நிறுத்தி வேர் தோண்டும் பணியை, அதற்கென்றே ஓய்வு பெற்றிருப்போரிடம் விட்டுவிடுகிறோம்.

வெந்நீர் விடயத்தில் வரலாற்று மூலங்கள் காட்டும் மௌனம் வெட்கக்கேடானது. ஃபாசியன் என்னும் சீனத் துறவி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வந்து இரண்டு ஆண்டு தங்கினார். அநுராதபுரத்து அபயகிரியில் பச்சைக்கல் புத்தரின் முன்னால் ஒரு வணிகன் சீனத்து வெண்பட்டு விசிறியைப் படைக்கக் கண்டு, ஊர் நினைவு வந்து கண்ணீர் விட்டதாக அவரே எழுதியிருக்கிறார். விசிறியை எழுதியவர், இரண்டு ஆண்டும் தமக்குக் குடிக்கத் தந்த தண்ணீர் சூடா பச்சையா என்று எழுதவில்லை. அவர் விசிறிக்காகத்தான் அழுதார் என்று எந்த ஆதாரத்தில் நம்புவது? வடமத்திய வெக்கையில் பச்சைத் தண்ணீர் நீட்டப்பட்ட ஒரு சீனரின் கண்ணீர் அது என்பதே எமது கருதுகோள்.

சீனக் கடலோடி செங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டும் கைவிரிக்கிறது. 1409ஆம் ஆண்டின் தேதியிட்ட அந்தக் கல், காலியில் ஒரு கால்வாய்க்கு மூடியாகக் கிடந்து 1911இல் அகப்பட்டது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு என்று காணிக்கைகளைச் சொல்கிறது: பொன் உண்டு, வெள்ளி உண்டு, பட்டு உண்டு, எண்ணெய் உண்டு. கேத்தில் இல்லை.

மறுதிசையில், சீனத்தில் குடியேறிய தமிழர் சுவான்சௌ துறைமுகத்தில் சிவனுக்குக் கோயில் எடுத்து 1281இல் தமிழிலேயே கல் வெட்டினார்கள். அப்போது சீனத்தை ஆண்ட கானின் உடல்நலம் வேண்டி எழுப்பியதாக அது சொல்கிறது. உடல்நலம் என்றால் சீனத்தில் வெந்நீர். ஆகவே அது வெந்நீர்க் கல்வெட்டு. இதைவிட மெல்லிய நூலில் தொங்கும் முனைவர் பட்டங்களுக்கு அமைச்சர்கள் அணிந்துரை வழங்கியதை யாம் அறிவோம். வெந்நீர் குடிக்கும் பழக்கம் 1952க்குப் பின்னர்தானே பரவியது என்று பின்வரிசையில் யாராவது எழுந்து கேட்கக்கூடும். அதற்குள் அவைத்தலைவர் மணியடித்து, நேரம் போதாமையால் கேள்விகளைத் தேநீர் இடைவேளையில் தனியே கேட்கும்படி சொல்லிவிடுவார்.

இனி எமது கோட்பாடு. வெந்நீர் இருவகைப்படும்: அகவெந்நீர், புறவெந்நீர். தொண்டை வழியே உள்ளே போவது அகம். தலைவழியே ஊற்றிக்கொள்வது புறம்.

திருகோணமலையார் பிறவியிலேயே புறவெந்நீர் மரபினர். சான்று, நகருக்கு வடமேற்கே உள்ள கன்னியா. தாயின் இறுதிக்கடன் செய்ய இராவணன் தரையைக் குத்த, ஏழு ஊற்றுகள் பிறந்தன என்பது கதை. ஏழும் சிறிய சதுரக் கிணறுகள். ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. சனம் வாளியோடு நின்று ஒவ்வொன்றாக அள்ளித் தலையில் ஊற்றுகிறது. இறந்தவர்க்குக் கடன் கழிக்கிறது. ஒரு மிடறு குடித்துப் பார்ப்போம் என்று எவரும் நினைப்பதில்லை. காய்ச்சாமல், விறகு செலவில்லாமல், ஏழு வகைச் சூட்டில் ஊறும் தண்ணீரை வாய்க்குள் விடாத ஒரு சமூகம், சீனத்துக்குப் போய்க் கையில் கடதாசிக் கோப்பையோடு நிற்கும்போது அடையும் திகைப்பை நோர்வே நாட்டவரை வைத்து எப்படி அளக்க முடியும்?

(கன்னியாத் தண்ணீரைக் குடித்தவர் உண்டு என்று ஒரு மறுப்பு எழுந்தது. காண்க: பெரியம்மா, வட்ஸ்அப் குரற்பதிவு, 2 நிமிடம் 14ஆம் வினாடி, குக்கரின் இரண்டாம் விசிலுக்கு முன். அப்பதிவை அவரே பின்னர் அழித்துவிட்டமையால் எஞ்சிய ஒரே படி சின்னம்மாவின் கைபேசியில் உள்ளது. அதிலும் முதல் நான்கு வினாடி சிதைவு. ‘குடிச்சவை’ என்பதைச் சின்னம்மா ‘குளிச்சவை’ எனப் பாடங்கொள்கிறார். இருவரும் தைப்பொங்கல் முதல் பேசிக்கொள்ளாமையால், ஒப்புநோக்குப் பதிப்பு தாமதமாகிறது.)

அகவெந்நீரை ஐந்திணைப்படுத்துவது எமது கடமை. எதையும் ஐந்திணைப்படுத்துவது தமிழாய்வாளர் கடமை.

குறிஞ்சி: நள்ளிரவு ரயிலில், பெட்டிக்கோடிக் குழாயடியில் நூடில்ஸ் கிண்ணத்தோடு நிற்கும் இருவர் எதிர்பாராது சந்தித்தல்.

முல்லை: கொதிநீர் அறை திறக்கும்வரை காத்திருத்தல்.

பாலை: அட்டையில் காசு தீர்ந்து, குழாய் நின்றுபோதல்.

நெய்தலை யாம் விரித்தெழுதினால் தாய்மார் அழுவர், விடுகிறோம்.

மருதம் மட்டும் தனி நூலுக்குரியது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். இங்கே ஊடலுக்குக் காரணம் சுடுதண்ணிப் போத்தல். பழைய விடுதிகளில் கொதிநீர் அறை வாசலில் மாலையானால் போத்தல்கள் வரிசை கட்டி நிற்கும். சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு. சிலதில் பெரிய பூப்படம். தலையில் தக்கை. நிரப்பி மூடினால் சற்று நேரத்தில் தக்கை ‘டொப்’ என்று மேலெழும். திருப்பிக் குத்த வேண்டும். எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் போனவன் எடுத்ததே தனது. முதல் மாதத்தில் எங்கள் பிள்ளைகள் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினார்கள்; ஆவி பட்டு அழிந்தது. பிறகு ஒருவன் கோணேஸ்வரத்தில் கட்டிவந்த நூலைக் கையிலிருந்து அவிழ்த்துப் போத்தலின் பிடியில் கட்டினான். அதன் பிறகு அந்தப் போத்தலை எவரும் தொடவில்லை. காரணம் பக்தியா, நூலின் அழுக்கா என்பதில் எமது தகவலாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

அடுத்த கட்டத்தில்தான் உண்மையான ஊடல். சீனத்தின் வேறு மாகாணத்திலிருந்து வந்த அறைத் தோழன், திருகோணமலையான் ஐஸ் போட்ட கோலா குடிப்பதைக் கண்டு முகம் வாடினான். விடுதி வாசலில் இருக்கும் அன்ரிக்குச் செய்தி போயிற்று. அவர் மேலே வந்து, ஒன்றும் பேசாமல், கோலாவை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு ஒரு கோப்பைச் சுடுதண்ணியை முன்னால் வைத்து, குடித்து முடியும்வரை நின்றார். தாய்நாட்டை விட்டு வந்தவன் தான் யாரோ ஒருவரின் பிள்ளை என்று உணர்ந்த கணம் அதுவே என்று தகவலாளர் கூறினார். கூறிவிட்டு, இதை எழுத வேண்டாம் என்றார். ஆய்வறம் கருதி எழுதியிருக்கிறோம்.

ஊர் திரும்பிய பிறகு தொடங்குவதே ‘ஞ’வின் வால். நடுப்பகல், வெளியே வெயில் கொளுத்துகிறது, பஸ் நிலையத்துப் புள்ளிமான்களே நிழல் தேடிப் போய்விட்டன. படித்து முடித்து வந்த டொக்டர் மகன் வீட்டுக்குள் நுழைந்து ‘அம்மா, சுடுதண்ணி’ என்கிறான். தாய் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். பிறகு வயிறு என்ன செய்கிறது என்கிறாள். பிறகு, குளிக்கவா என்கிறாள். புறவெந்நீர் மரபு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இந்த மூன்றாம் கேள்வியே போதும். குடிக்க என்று சொன்னதும் அயல்வீட்டு அன்ரியைக் கூப்பிடுகிறாள்.

களப்பரிசோதனைக்காக, அவ்வாறு திரும்பிய ஒருவரை எமது கடைக்கு அழைத்து வந்தோம். தேத்தண்ணிக் கடையில் சுடுதண்ணி தேவையான அளவு உண்டு. கிளாசில் சிறிது ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி, வீதிப்பக்கம் வீசிவிட்டு, பிறகுதான் பிளேன்ரீ ஊற்றுவார் கடைக்காரர். ஆகவே அவரது கணக்கில் சுடுதண்ணி கழுவும் பொருள்.

“அண்ணை, சுடுதண்ணி ஒண்டு.”

கடைக்காரர் வழக்கம்போல ஊற்றி, சுழற்றி, வீசி, வெறும் கிளாசை நீட்டினார்.

“இல்லை அண்ணை, குடிக்க.”

அவர் நம்மைப் பார்த்தார். கேத்திலைப் பார்த்தார். பிறகு நிறைய ஊற்றி முன்னால் வைத்தார். டொக்டர் தம்பி ஊதி ஊதிக் குடித்தார், நெற்றி வியர்த்தது, முகத்தில் ஒரு தெளிவு.

விலை பற்றிய விவாதம் அரைமணி நேரம் நீடித்தது. பிளேன்ரீயின் விலையில் தேயிலையையும் சீனியையும் கழிக்க வேண்டும் என்றோம் நாம். சீனத்தில் இது இலவசம் என்றார் டொக்டர். கடைக்காரர் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முழு பிளேன்ரீக் காசையும் வாங்கிக்கொண்டார்.

“அந்தக் கிளாசைக் கழுவ இன்னொரு சுடுதண்ணி போகுதே, தம்பி.”